கண் பார்த்ததைக் கை செய்ய: பிறரைப் பார்த்துக் கற்க ஒரு வழிகாட்டி

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். யாரோ அவசரக்காரர் கண்டுபிடித்த பழமொழியாக இருக்க வேண்டும். கண் பார்த்ததும் முதலில் வேலை செய்வது வாய்தான். “இவ்வளவுதானா? இதை நானே செய்துவிடுவேனே” என்று சொல்லும். கை அதற்கப்புறம் மெதுவாக வரும். பல நேரம் வராமலே போகும்.

2018-ல் மைக்கேல் கர்டாஸ், எட் ஓ’பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். மேசை மேல் பாத்திரங்கள் அப்படியே இருக்க, அடியில் உள்ள விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தையின் காணொளியைச் சிலர் ஒரே ஒரு தடவை பார்த்தார்கள், சிலர் 20 தடவை பார்த்தார்கள். 20 தடவை பார்த்தவர்களிடம் ‘நம்மாலும் முடியும்’ என்ற எண்ணம் கூடியிருந்தது. டார்ட் எறிவது, மூன்வாக் நடனம் ஆகியவற்றை வைத்தும் சோதித்து, பார்த்தவர்களை நிஜமாகவே செய்யச் சொன்னார்கள். நம்பிக்கை ஏறியிருந்தது, திறமை ஏறவில்லை.

அதற்காகப் பார்ப்பதை விட்டுவிட முடியாது. பேச்சு, நடை, வரிசையில் நிற்பது, கோபத்தை அடக்குவது, அடக்காமல் கத்துவது என்று நாம் கற்றவற்றில் பெரும்பகுதிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தோம், செய்தோம். பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுருக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். புதிதாக வேலையில் சேர்ந்தவர், கைத்தொழிலோ இசைக்கருவியோ விளையாட்டோ பழகத் தொடங்கியவர், கூச்சத்தையோ பயத்தையோ விட நினைப்பவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் கடைசிப் பகுதி பயன்படும்.

தொடங்கும் முன் கொஞ்சம் அடிப்படை

பார்த்துக் கற்பது பற்றிய உளவியலில் தவிர்க்க முடியாத பெயர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் 1925-ல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2021-ல் மறைந்தவர். அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் உளவியலில் ஓங்கி ஒலித்த கருத்து வேறு. ஒருவர் ஒன்றைத் தானே செய்ய வேண்டும், அதற்குப் பரிசோ தண்டனையோ தனக்கே கிடைக்க வேண்டும், அப்போதுதான் கற்றல் நடக்கும் என்று நம்பினார்கள். பண்டூரா அதை மறுத்தார். தான் எதுவும் செய்யாமல், தனக்கு எதுவும் கிடைக்காமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தே ஒருவர் கற்றுவிட முடியும் என்றார்.

1961-ல் டொரொத்தியா ராஸ், ஷீலா ராஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய சோதனை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள்ளான 72 குழந்தைகள். ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த போபோ பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் திட்டுவதையும் பார்த்தார்கள். இன்னொரு பகுதியினர் பார்த்த பெரியவர் பொம்மையைக் கண்டுகொள்ளாமல் அமைதியாக விளையாடினார். மற்றவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளைத் தனியே விட்டபோது, அடிதடியைப் பார்த்தவர்கள் அதே அடியை, அதே வசைச் சொற்களோடு, அச்சாகத் திருப்பிச் செய்தார்கள். இந்தச் சோதனை மீது குறைகளும் உண்டு. அடித்தால் எழுந்து நிற்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பது வன்முறையா, விளையாட்டா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமுறை பார்த்ததை அத்தனை நுணுக்கமாகத் திருப்பிச் செய்ய முடிந்தது என்பதை அந்தக் குறை மாற்றாது.

1977-ல் அவர் இதைச் சமூகக் கற்றல் கோட்பாடாகத் தொகுத்தபோது, பார்த்துக் கற்பதில் நான்கு வேலைகள் உண்டு என்றார்: கவனிப்பது, நினைவில் நிறுத்துவது, உடலால் திருப்பிச் செய்வது, செய்வதற்கு ஓர் உந்துதல் இருப்பது. இந்த நான்கில் எது அறுந்தாலும் கற்றது வெளியே வராது. ‘எத்தனை தடவை பார்த்தும் வரவில்லை’ என்று புலம்புபவர், இந்த நான்கில் எங்கே அறுந்தது என்று பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு முதலிலும் மூன்றிலும்தான் அறும்.

படி 1: யாரைப் பார்ப்பது

எல்லோரும் செய்வது, இருப்பவரிலேயே பெரிய வித்தைக்காரரைத் தேடிப்போவது. தொடக்கத்தில் இது பல நேரம் உதவாது. கைதேர்ந்தவரின் வேலையில் முயற்சியே தெரியாது. பத்து அசைவுகள் ஒன்றாய்க் கலந்து ஒரே அசைவாக ஓடும். எங்கே முடிவெடுத்தார், எதைச் சரிபார்த்தார், எதைத் தவிர்த்தார் என்று புதியவரின் கண்ணுக்குப் பிடிபடாது.

டேல் ஷங்க் என்ற கல்வி உளவியலாளர் 1980-களில் கணக்குப் பாடத்தில் திணறும் பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்தார். பிழையே செய்யாமல் கணக்குப் போடுபவரைக் காட்டுவது ஒரு வகை. முதலில் தடுமாறி, ‘இது கஷ்டமாக இருக்கிறதே’ என்று சொல்லி, பிறகு மெல்லச் சமாளித்து மேலேறுபவரைக் காட்டுவது இன்னொரு வகை. தன்னைப் போன்ற வயதுடைய ஒருவர் கணக்குப் போட்டுக் கற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, ஆசிரியர் போட்டுக்காட்டியதைப் பார்த்தவர்களைவிடத் தன்னம்பிக்கையும் கற்றலும் கூடியிருந்தன. திணறி மேலேறுபவரைப் பார்ப்பதும் சில சோதனைகளில் கூடுதல் பலன் தந்தது.

ஆகவே இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களைவிட ஆறு மாதமோ ஒரு வருடமோ மூத்தவர். அவர் பட்ட அவதி அவருக்கு இன்னும் மறந்திருக்காது; பிழை செய்வார், திருத்துவார், நீங்கள் அதையும் பார்ப்பீர்கள். இன்னொருவர் உண்மையிலேயே கைதேர்ந்தவர். வேலை முடிந்தால் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலுக்கு அவர். தினமும் பார்க்க வேண்டியது முதலாமவரை.

ஓர் எச்சரிக்கை. ஒரு துறையில் பேர்பெற்றவரைக் கண்டால் அவர் செய்வது அத்தனையையும் பின்பற்ற மனம் துடிக்கும். நன்றாக ஓடுபவர் உண்பது, உடுப்பது, பணத்தைப் பற்றிப் பேசுவது எல்லாம் வேதமாகிவிடும். ஓடுவதை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டு, மற்றதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

படி 2: பார்க்கும் முன் கருவியைக் கையில் எடுங்கள்

மேலே சொன்ன 2018 ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கட்டைகளை மேலே தூக்கிப் போட்டு மாறி மாறிப் பிடிக்கும் வித்தையைப் பார்த்த சிலரிடம், அந்தக் கட்டைகளைக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார்கள். வித்தையைச் செய்யச் சொல்லவில்லை, வைத்திருக்க மட்டும் சொன்னார்கள். அவ்வளவுதான், வீங்கியிருந்த தன்னம்பிக்கை இறங்கிவிட்டது. கனமும் பருமனும் கைக்குத் தெரிந்ததும், கண் சொன்ன பொய் கலைந்துவிட்டது.

இதையே நாம் முன்கூட்டிச் செய்யலாம். தச்சரிடம் போவதற்கு முன் இழைப்புளியை ஒரு பலகையில் தள்ளிப் பாருங்கள், அது சிக்கி நிற்கட்டும். மேடைப் பேச்சாளரைக் கவனிக்கும் முன் அதே தலைப்பில் இரண்டு நிமிடம் தனியறையில் பேசிப் பாருங்கள். மோசமாகத்தான் வரும், வரட்டும். சிக்கிய இடம் எது என்று தெரிந்தவர் பார்க்கும் பார்வை வேறு. தச்சர் பலகையை எந்தத் திசையில் திருப்பி வைக்கிறார் என்பது அவர் கண்ணில் படும். வெறுங்கையோடு வந்தவர் பறக்கும் சீவலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மின்சாரம், மருந்து, உயரத்தில் ஏறும் வேலை, வெட்டும் இயந்திரம் போன்றவற்றில் இந்தப் படி பொருந்தாது. அங்கே முறையான பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது. கருவி நின்றிருக்கும்போது, பொறுப்பானவர் அருகிலிருக்கும்போது எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு பார்வைக்கு ஒரு கேள்வி

முதல் தடவை எதையும் தேடாமல் முழுதும் பாருங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரிந்தால் போதும். அதற்கடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். ‘எல்லாவற்றையும் கவனிக்கிறேன்’ என்று உட்கார்ந்தால் எதுவும் மிஞ்சாது.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள் என்பதுதான். தேர்ந்தவரின் கண் எப்போதும் கைக்கு ஒரு கணம் முன்னால் போகும். தட்டச்சு செய்பவர் விசையைப் பார்ப்பதில்லை, அடுத்த சொல்லைப் பார்க்கிறார். வண்டி ஓட்டுபவர் முன்னால் போகும் வண்டியோடு நிற்காமல் அதற்கும் முன்னால் பார்க்கிறார். கண் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் அவர் எந்தத் தகவலை வைத்து முடிவெடுக்கிறார் என்பது தெரிந்துவிடும். வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, நிறுத்தங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கை எங்கே தயங்குகிறது? ஏன் அந்த இடத்தில் விரலால் தடவிப் பார்த்தார்? ஏன் தட்டி ஓசை கேட்டார்? பதில் தெரியாவிட்டாலும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, தொடங்கும் முன் அவர் செய்யும் ஆயத்தம்: நிற்கும் நிலை, பொருள்களை அடுக்கும் வரிசை, வெளிச்சம் வரும் பக்கம். புதியவர்கள் ‘இன்னும் ஆரம்பிக்கவில்லை’ என்று கைபேசியை நோண்டும் நேரம் இது. வேலையில் பாதி அதற்குள் முடிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட அரிய காட்சி, தேர்ந்தவர் பிழை செய்து அதைச் சரிசெய்யும் நேரம். நாகரிகம் கருதி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். சரியாகப் போகும் வேலையை எந்தக் காணொளியிலும் பார்க்கலாம். கெட்டுப்போன வேலையை மீட்பதைப் பெரும்பாலும் வெட்டியெறிந்துவிடுவார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். எதிரே நின்றால் இடம் வலமாகும், வலம் இடமாகும். மனம் அதைத் திருப்பிப் போடுவதிலேயே களைத்துவிடும். முடிந்தால் அவர் தோளுக்குப் பின்னால், அவர் பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். காணொளி என்றாலும் செய்பவரின் கண்ணிலிருந்து எடுத்ததைத் தேடுங்கள்.

படி 4: பார்த்ததைச் சொல்லாக்குங்கள்

பார்த்த காட்சி விரைவில் மங்கும். அதைச் சொல்லாகவோ குறியாகவோ மாற்றி வைத்தவருக்குத்தான் நிற்கும். 1973-ல் பண்டூராவும் ராபர்ட் ஜெஃப்ரியும் நடத்திய சோதனையில், பார்த்த அசைவுகளை ஏதாவதொரு குறியீடாக மாற்றி, அதை உடனே மனத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

பெரிய குறிப்பேடு வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல் போதும். நீச்சலில் “இழு, திரும்பு, மூச்சு, நீட்டு” என்பதுபோல. உங்கள் வாய்க்கு வரும் சொல்லாக இருக்கட்டும், கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. பார்த்து முடித்து, அங்கிருந்து நகரும் முன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொற்களைச் சொல்லியபடி மனத்துக்குள் ஒருமுறை செய்து பாருங்கள். எங்கே இருட்டாகிறதோ அதுதான் அடுத்த பார்வைக்கான கேள்வி.

படி 5: சூடு ஆறும் முன் செய்யுங்கள்

பார்த்த அன்றே செய்ய வேண்டும். முழுவதையும் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பகுதியில் தொடங்குவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் ‘வாய்’, ‘கோலா’ என்னும் இன மக்களிடையே இருந்த தையல்காரர்கள். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970-களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-ல் வெளியிட்ட நூலிலும் இதை எழுதினார். அங்கே தொழில் பழக வரும் பையன் முதலில் கற்பது கடைசி வேலைகளை: இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. அதற்கப்புறம் துண்டுகளை இணைத்துத் தைப்பான். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

தலைகீழாகத் தெரிகிறதே என்று தோன்றலாம். யோசித்தால் இதைவிடக் கெட்டியான பாடத்திட்டம் கிடையாது. பொத்தான் தப்பாகிவிட்டால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். கத்தரி தப்பாகப் போனால் துணியே போச்சு. அதோடு, முடிந்த சட்டைக்கு இஸ்திரி போடப் போட, எந்தத் துண்டு எங்கே சேர்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். இஸ்திரி போட்ட கை தைக்க வரும்போது எப்படி முடிய வேண்டும் என்று தெரிந்துதான் வரும். தைத்த கை வெட்ட வரும்போதும் அப்படியே.

உங்கள் துறையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: தப்பினால் நட்டமே இல்லாத கடைசி வேலை எது? மென்பொருள் எழுதுபவருக்கு அது மற்றவர் எழுதியதைச் சோதிப்பதாக இருக்கலாம், பத்திரிகையில் சேர்ந்தவருக்கு மெய்ப்புத் திருத்துவதாக இருக்கலாம். எடுபிடி வேலை என்று முகம் சுளிக்காமல் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நின்றால்தான் மற்றதைப் பார்க்க இடம் கிடைக்கும்.

செய்யும்போது வேகம் வேண்டாம். உங்களைக் கைபேசியில் படம் பிடித்து, உங்கள் முன்மாதிரியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் செய்ததாக நினைப்பதும் நம் உடல் செய்ததும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் உறைக்கும். பார்க்க, செய்ய, மறுபடி பார்க்க என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் செய்வதைவிட, ஐந்து நிமிடம் பார்த்துப் பத்து நிமிடம் செய்வது எவ்வளவோ மேல்.

படி 6: முதலில் எல்லாவற்றையும் செய்யுங்கள், பிறகு தேவையற்றதை விடுங்கள்

2005-ல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் ஒரு பெட்டிக்குள் பரிசை வைத்து, அதைத் திறக்கும் முறையைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். காட்டிய அசைவுகளில் சில வீண். பெட்டி ஒளிபுகாததாக இருந்தவரை சிம்பன்சிகளும் எல்லாவற்றையும் செய்தன. கண்ணாடிபோலத் தெளிவான பெட்டியைக் கொடுத்ததும், வீண் அசைவால் பயனில்லை என்று கண்டு அதை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகளோ, உள்ளே எல்லாம் தெரிந்தும், வீண் அசைவையும் சேர்த்தே செய்தார்கள்.

சிம்பன்சிதான் கெட்டிக்காரன் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரியாத வேலைகளில் குழந்தையின் வழிதான் பாதுகாப்பானது. தேவையற்றதாகத் தோன்றும் அசைவுக்குப் பின்னால் நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘இதெல்லாம் வீண் வேலை’ என்று குறுக்குவழி கண்டுபிடிப்பவர்களைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த ‘வீண் வேலை’ எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பது மூன்றாம் வாரத்தில் தெரியவரும்.

அதே நேரம் காரணம் கேட்காமலே காலம் தள்ளுவதும் தவறு. அது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகிவிடும். பதினான்கு மாதக் குழந்தைக்கே இந்த விவேகம் உண்டு என்று கியோர்கி கெர்கெலி குழுவினர் 2002-ல் காட்டினார்கள். ஒரு பெண் தன் நெற்றியால் விளக்கை அழுத்தி எரியவைக்கிறார். அவர் கைகள் சும்மா இருந்தபோது, குழந்தைகளில் 69 விழுக்காட்டினர் தாங்களும் நெற்றியால் அழுத்தினார்கள். அவர் குளிர்கிறதென்று போர்வையைக் கைகளால் பிடித்திருந்தபோது 21 விழுக்காட்டினர்தான் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் கையையே பயன்படுத்தினார்கள். கை சும்மா இருந்தும் நெற்றியால் அழுத்துகிறார் என்றால் ஏதோ காரணம் இருக்கிறது, கைக்கு வேறு வேலை இருந்ததென்றால் அது அவர் நிலைமை. குழந்தை இவ்வளவு கணக்குப் போடுகிறது.

உங்கள் மூத்தவர் கருவியை இடக்கையில் பிடிப்பது வேலைக்காகவா, தோள்வலிக்காகவா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று பேர் அதே வேலையைச் செய்வதைப் பாருங்கள். மூவரும் செய்வது வேலைக்குரியது. ஒருவர் மட்டும் செய்வது பெரும்பாலும் அவருக்குரியது.

படி 7: கேட்பது, ஆனால் ‘ஏன்’ என்று கேட்காமல்

நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலனி 1966-ல் எழுதினார். ‘இதை எப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால் தேர்ந்தவர் விழிப்பார், அல்லது ‘அது தானா வரும்’ என்பார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கைக்குத் தெரிந்தது வாய்க்கு எட்டவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “இப்போது இங்கே நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” “புதுசா வர்றவங்க இந்த இடத்துல என்ன தப்பு பண்ணுவாங்க?” இதற்கெல்லாம் பதில் கொட்டும். இன்னொரு வழி, நீங்களே சொல்வது: “நான் பார்த்த வரைக்கும் முதலில் இதைச் செய்தீர்கள், பிறகு இதைச் சரிபார்த்தீர்கள், சரியா?” தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவார். தானாக விளக்கத் தெரியாதவருக்கும் பிறர் சொன்னதைத் திருத்தத் தெரியும்.

பயத்தைப் போக்கவும் இதே வழி

உயரம், நாய், கூட்டத்தில் பேசுவது என்று எதையாவது கண்டு அஞ்சுபவர்களுக்கு இந்தப் பகுதி. பயமும் பார்த்து ஒட்டிக்கொள்வதுதான். ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்த பிறகு அவையும் அஞ்சத் தொடங்கின என்று 1980-களில் சூசன் மினெகா, மைக்கேல் குக் ஆகியோர் காட்டினார்கள். காணொளியைத் திருத்தி, பாம்புக்குப் பதில் பூவைக் கண்டு குரங்கு அலறுவதுபோல் காட்டியபோது பூவின் மேல் பயம் வரவில்லை. பார்ப்பது எல்லாம் ஒட்டுவதில்லை, ஒட்டக்கூடியதுதான் ஒட்டும்.

பார்த்து வந்த பயத்தைப் பார்த்தே குறைக்கலாம். 1967-ல் நாய்க்குப் பயந்த சிறு பிள்ளைகளுக்கு, அவர்கள் வயதுப் பிள்ளை ஒருவன் நாயோடு படிப்படியாக நெருங்கி விளையாடுவதைப் பண்டூரா குழுவினர் காட்டினார்கள். பலருடைய பயம் குறைந்தது. 1969-ல் பாம்புக்கு அஞ்சும் ஆட்களிடம் சில முறைகளை ஒப்பிட்டபோது, வெறும் படம் பார்ப்பதைவிட, ஒருவர் கண்முன் செய்துகாட்டி, பிறகு அஞ்சுபவரையும் கூடவே அழைத்துச் சிறு சிறு கட்டமாகச் செய்யவைத்த முறைதான் மிக நன்றாகப் பலித்தது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. துணிச்சல்காரரைப் பார்க்காதீர்கள், அவர் உங்கள் இனமில்லை என்று மனம் தள்ளிவிடும். உங்களைப் போல முன்பு நடுங்கி இப்போது செய்பவரைப் பாருங்கள். பிறகு அவர் அருகிலிருக்க மிகச் சிறிய கட்டத்தைச் செய்யுங்கள். பிறகு அதே கட்டத்தை அவர் சற்றுத் தள்ளி நிற்கும்போது செய்யுங்கள். அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போடும் அளவுக்குப் பயம் என்றால் தனியாக முயலாமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

கேட்காமலே ஒட்டிக்கொள்பவை

1999-ல் டான்யா சார்ட்ரண்ட், ஜான் பார்க் இருவரும் நடத்திய ஆய்வில், அறிமுகமில்லாத இருவர் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தார்கள். ஒருவர் ஆய்வாளரின் ஆள். அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தால் மற்றவரும் முகத்தைத் தடவினார், அவர் காலை ஆட்டினால் மற்றவரும் ஆட்டினார். பின்னால் கேட்டபோது அவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

கால் ஆட்டுவதோடு போனால் கவலையில்லை. புதிய இடத்தில் நுழைந்தவர் அங்குள்ளவர்களின் குரலின் உயரம், வாடிக்கையாளரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசும் விதம், பாதுகாப்பு விதியை மதிக்கும் அல்லது மதிக்காத விதம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்.

1965-ல் பண்டூரா செய்த இன்னொரு சோதனை இங்கேதான் உதவும். பொம்மையை அடிப்பவருக்குப் பரிசு கிடைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள், தண்டனை கிடைப்பதைச் சிலர் பார்த்தார்கள், எதுவும் கிடைக்காததைச் சிலர் பார்த்தார்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் குறைவாகவே திருப்பிச் செய்தார்கள். பிறகு, ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவோம்’ என்றதும் மூன்று குழுவுக்கும் வேறுபாடே இல்லாமல் போனது. எல்லோரும் கற்றுத்தான் இருந்தார்கள். சிலர் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

தலைக்கவசம் போடாமல் வேலை செய்த மூத்தவரை யாரும் கண்டிக்காததைப் பார்த்தால், விதி ஏட்டில் மட்டும்தான் என்று உள்ளே பதிந்துவிடும். இன்று நீங்கள் தலைக்கவசம் போட்டுக்கொள்வீர்கள். மேற்பார்வையாளர் இல்லாத ஒரு நாள், அவசரமான ஒரு நேரத்தில், பதிந்தது வெளியே வரும். ஆகவே சேர்ந்த முதல் மாத முடிவில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இங்கே வந்தபின் நான் புதிதாகச் செய்யத் தொடங்கியவை எவை, செய்வதை நிறுத்தியவை எவை? நீங்கள் விரும்பி எடுத்துக்கொண்டது எது, ஒட்டிக்கொண்டது எது என்று பிரித்துவிடலாம். பழைய நண்பர் ஒருவரைக் கேட்டால் இன்னும் விரைவாகத் தெரியும். அவர்களுக்கு நம் பேச்சின் மாற்றம் உடனே காதில் விழும்.

உங்களைப் பார்த்து ஒருவர் கற்கும்போது

கொஞ்ச நாளில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். வீட்டில் பிள்ளை இருந்தால் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறது. 1970-ல் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் இருவரும் கொடைக்குணம் பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்று பேசியவரையும், பேசாமல் கொடுத்தவரையும், பேசிவிட்டுக் கொடுக்காதவரையும் பிள்ளைகள் பார்த்தார்கள். பிள்ளைகள் கொடுத்த அளவு, அவர் கொடுத்தாரா என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது; உபதேசம் அதை அதிகம் அசைக்கவில்லை.

ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது முதல் முறை வழக்கமான வேகத்தில் பேசாமல் செய்யுங்கள். இரண்டாம் முறை பாதி வேகத்தில், கையால் செய்வதைவிடக் கண்ணால் என்ன பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: “இந்த விளிம்பு மங்கலா இருக்கு, அதனால நிறுத்துறேன்.” தப்பாகிவிட்டால் மறைக்காதீர்கள், திருத்துவதையும் பக்கத்தில் வைத்தே செய்யுங்கள். மூன்றாம் முறை கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பிடுங்கத் தோன்றும் ஒவ்வொரு தடவையும் பத்து வரை எண்ணுங்கள்.